காலுறை குதிகாலில் மாட்டுகிறதா? அதற்குள் பிரித்துவிடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்காக முதன்முறையாகக் காலுறை பின்னுகிறேன். நூலும் ஊசியும் சேர்ந்த தொகுப்பை இணையத்தில் வாங்கினேன். மேல்விளிம்பில் தொடங்கிப் பாதிப் பாதம் வரை வந்தாயிற்று. அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தால் குதிகாலைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, 180 வெள்ளி கேட்கும் ஒரு வகுப்பில் சேரலாமா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: கத்திரிக்கோலைக் கீழே வையுங்கள். முதலில் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிறகு ஓரங்குலம் கீழே இழுத்துப் பாருங்கள். கீழே தாராளமாக விரிந்து, விளிம்பு மட்டும் கம்பி கட்டியதுபோல் நிற்கிறதா? கோளாறு அந்தத் தொடக்க வரிசையில் மட்டும்தான். காலுறை நுழையும்போது தாண்ட வேண்டிய அகலமான இடம் கணுக்கால் அல்ல, குதிகாலிலிருந்து பாதத்தின் மேல்மடிப்புவரை சாய்வாகச் சுற்றும் அளவு. புதிதாகப் பின்னுகிறவர்கள் அதை அளப்பதே இல்லை.

விளிம்புக்கு மூன்று சுற்று கீழே, ஒரே சுற்றிலுள்ள ஒவ்வொரு கண்ணியின் (V வடிவப் பின்னலின்) வலப்பக்க இழையையும் மெல்லிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சுற்றில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, நூலைப் பொறுமையாக உருவினால் விளிம்பு தனியே கழன்றுவிடும். புது நூல் சேர்த்து, ஒரு சைஸ் பெரிய ஊசியால் முடியுங்கள்: இரண்டு கண்ணிகளை அவற்றின் பின்பக்க இழை வழியாகச் சேர்த்துப் பின்னி, வரும் ஒன்றை இடது ஊசிக்கே திருப்பி, அடுத்ததோடு மறுபடி சேர்த்துப் பின்னுங்கள். அடுத்த காலுறையைத் தொடங்கும்போது கண்ணிகளுக்கு நடுவே சற்று இடைவெளி விடுங்கள், போதும்.

விளிம்பு மட்டுமல்ல, காலுறை முழுவதுமே விரியவில்லை என்றால் நூல்தான் குற்றவாளி. தொகுப்பு விற்பவர்களில் பலர் தள்ளிவிடுவது ‘மில்க் காட்டன்’. பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. பொம்மைக்கு அருமை, காலுறைக்கு மீள்திறன் போதாது. 75% கம்பளி, 25% நைலான் என்று அட்டையில் அச்சிட்ட காலுறை நூலைக் கேளுங்கள். 100 கிராம் உருண்டை சுமார் 400 மீட்டர் வரும், ஒரு ஜோடிக்குப் போதும். சதவீதம் போடாத நூலைத் தொடாதீர்கள். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனால் நூலைக் கையால் இழுத்துப் பார்த்தே வாங்கலாம். செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தை ஒட்டி ‘பேட்டர்ன்’ (பின்னல் குறிப்பு) விற்கும் கூட்டம் வேறு இப்போது கிளம்பியிருக்கிறது. படத்தில் கண்ணிகளை எண்ண முடியாவிட்டால் காசு கட்டாதீர்கள்.

ஊசி எண்ணையும் நம்ப வேண்டாம். ‘1’ என்றால் அமெரிக்கக் கணக்கில் 2.25 மில்லிமீட்டர், ஜப்பான் கணக்கில் 2.4, பழைய பிரிட்டிஷ் கணக்கில் 7.5! மூன்று கணக்கும் இங்கே ஒரே கடை அலமாரியில் தொங்கும். மில்லிமீட்டரை மட்டும் அச்சடித்தால் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காலுறை, பாதச் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். பாதம் 23 செ.மீ., உங்கள் பின்னலில் பத்து செ.மீ.க்கு 30 கண்ணி என்றால் கணக்கு 62 வரும். நான்கால் வகுபடும்படி 64 போடுங்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயோ கால்வீக்கமோ இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். மேல்விளிம்பு தோலில் தடம் பதிக்கவே கூடாது. கழற்றியபின் கோடு தெரிந்தால் அந்தக் காலுறை வேண்டாம், எத்தனை வாரம் பின்னியிருந்தாலும் சரி. உள்ளே முடிச்சும் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு முடிச்சு உறுத்துவது தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். நூல் முனைகளைப் பாதத்துக்கு அடியில் விடாமல் மேல்பக்கம் செருகுங்கள். வீக்கம் மாலையில் கூடும் என்பதால் அளவையும் மாலையில் எடுங்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி. குதிகால் திருப்புவதை (குதிகாலில் பின்னலை வளைத்துப் பாதத்துக்குக் கொண்டுவருவதை) இதே கட்டணத்தில் சொல்லித் தருவார்களா, ‘அடுத்த நிலை’க்குத் தள்ளிவிடுவார்களா? நூலை அவர்களிடமே வாங்கியாக வேண்டுமா? இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்றால் அது நூல் கடை, வகுப்பு அதன் விளம்பரம். நீங்களோ குதிகாலைத் தாண்டிப் பாதத்துக்கே வந்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது மீதிப் பாதமும் விரல்முனையும் மட்டும். அதற்கு 180 வெள்ளி அதிகம்.