மெகா டிரைவில் 60 ஹெர்ட்ஸ் சுவிட்ச் வைக்கலாமா? தாராளமாக

லண்டனில் வாங்கிய மெகா டிரைவில் (செகாவின் பழைய வீடியோ கேம் மெஷின்) அமெரிக்க கேசட் ஓட மறுக்கிறது, புது டிவியில் படமும் கலங்கலாகத் தெரிகிறது, மெஷினைத் திறந்து கைவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மாடல் என்றே வைத்துக்கொள்கிறேன். தாராளமாகத் திறக்கலாம்.

எனக்கு இது பழைய புண். சின்ன வயதில் டொராண்டோவிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தான். 1991இல் வந்த முதல் சோனிக் கேமைக் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "எங்கட வீட்டில இதைவிட வேகமா ஓடும்" என்றான். பொய் சொல்கிறான் என்று சண்டை போட்டேன். இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை. அவன் சொன்னது உண்மை என்று தெரிய இருபது வருடம் ஆயிற்று. அப்போது இங்கே டிவி நொடிக்கு 50 முறை படம் காட்டும் (அதுதான் 50 ஹெர்ட்ஸ்), கனடாவில் 60. அந்த சோனிக்கை நம் டிவிக்கு ஏற்றபடி திருத்தாமலே விற்றார்கள். வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய், பாட்டும் இழுத்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. சோனிக் 2இல் பாட்டையாவது சரிசெய்தார்கள்.

மெஷினின் போர்டில் 50/60க்கு ஒரு ஜம்பர் (சின்ன இணைப்பு), மொழிக்கு இன்னொன்று. 50/60 இணைப்பை வெட்டி அங்கே சுவிட்ச் வைத்துச் சால்டர் செய்தேன். ஓட மறுக்கும் அமெரிக்க கேசட் 50ஆ 60ஆ என்றுதான் பார்க்கும், அதற்கு அது ஒன்றே போதும். மொழி ஜம்பர் ஜப்பான் கேசட்டுக்குத்தான். அதன் வடிவமும் வேறு, நம் மெஷினில் நுழையாது. சுவிட்சைத் தட்டிய அன்றே பெரியப்பா மகனுக்கு போன் போட்டு அந்தப் பாட்டைக் கேட்கவைத்தேன்.

பழையதை வெட்டுவது பாவம் என்று சேகரிப்பாளர்கள் வருவார்கள். பெட்டி பிரிக்காததை வெட்டச் சொல்லவில்லை. ஆடுவதற்கு வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

படத்துக்கு, மலிவான எச்டிஎம்ஐ பெட்டி வாங்காதீர்கள். நான் வாங்கியது எல்லா நிறத்தையும் ஒரே வயரில் கலந்து வரும் காம்போசிட்டை மட்டும்தான் எடுத்தது. மெஷினின் ஏவி சாக்கெட்டிலேயே ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வருகிறது. ஆர்ஜிபி ஸ்கார்ட் (ஐரோப்பிய டிவிகளில் இருந்த பெரிய சாக்கெட்) கேபிள் வாங்கி, ஓஎஸ்எஸ்சி என்ற மாற்றிப் பெட்டி வழியாக டிவிக்குக் கொடுங்கள். அது வரிகளைப் பெருக்கி உடனே அனுப்பிவிடும், பட்டனை அமுக்கினால் தாமதம் தெரியாது.

ஸ்கார்ட் உள்ள ட்யூப் டிவி கிடைத்தால் இந்தப் பெட்டி வேண்டாம், கேபிளே போதும். போன மாதம் பழைய பொருள் போடும் இடத்தில் ஸ்கார்ட்டோடு நல்ல டிவி ஒன்று கிடந்தது. காசு தருகிறேன் என்றும் கேட்டேன். உள்ளே வந்ததை வெளியே கொடுக்க விதி இல்லையாம். என் கண் முன்னாலேயே உடைக்கும் குவியலில் தூக்கிப் போட்டார்கள்.