பெடல் ஸ்டீல் கிட்டாரில் சுருதி ஏன் நிலைப்பதில்லை?

பெடல்களை அழுத்தித் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் இந்தக் கிட்டாரில், பெடலை விட்டதும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பாமல் சற்றே தாழ்ந்து நிற்கிறது, ஒலியும் மங்கியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிருடைப் (தந்தியை முறுக்கும் திருகு) பக்கத்தில் தந்திகள் மேலே படிந்து செல்லும் சிறு உருளைகளைப் பாருங்கள். பெடல் இழுக்கும்போது உருளைக்கு அப்பாலுள்ள தந்தியும் சிறிது முன்னே நகர்கிறது. அழுக்கேறிய உருளை தடையின்றிச் சுழலாவிட்டால் அந்த நீளம் முழுமையாகப் பின்வாங்காததால் சுருதி இறங்கிவிடுகிறது. துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்து, பெடலின் இழுப்பைத் தந்திக்குக் கொண்டுசெல்லும் இழுகம்பிகளின் முனையிலுள்ள நைலான் நட்டுகளில், பெடல் ஓய்வில் இருக்கும்போது மயிரிழை அளவாவது தளர்வு இருக்க வேண்டும்; இல்லையேல் சேஞ்சரின் (தந்தியை இழுத்துச் சுருதியை மாற்றும் பொறி) விரல் போன்ற நெம்பு தன் நிறுத்தத்தில் அமராது, பிருடையை எத்தனை முறை திருகினாலும் பயனில்லை. ஈ9 எனும் சுருதி அமைப்பில் ஏ, பி எனப்படும் பெடல்களைச் சேர்த்து அழுத்தும்போது உடற்பகுதி நுட்பமாக வளைந்து மற்றத் தந்திகள் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) தாழ்வது இயல்பே; அதற்காகக் கருவியைப் பிரிக்க வேண்டாம்.

ஒலி மங்குவதற்குப் பழைய தந்திகளே வழக்கமான காரணம். அவை புதியவையாயின், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலை விலக்கிக் கிட்டாரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேளுங்கள். ஒலி தெளிந்தால், கிட்டாருக்கும் வால்யூம் பெடலுக்கும் இடையே ஒரு பஃபர் (ஒலிச் சமிக்ஞை பெடலால் மங்காமல் காக்கும் சிறு மின்சுற்று) வைப்பது, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பை மாற்றுவதைவிட எளிது.