நிரல்மொழிகளில் ஆபரேட்டர் ஓவர்லோடிங்கையும், புது ஆபரேட்டர்கள் உருவாக்குவதையும் அனுமதிக்கலாமா?

ஓவர்லோடிங், அதாவது + போன்ற ஏற்கெனவே உள்ள குறி நம் டைப்புகளில் என்ன செய்யும் என்று நாமே எழுதுவது, இருக்கட்டும். புதுக் குறிகளை ஆளாளுக்கு உருவாக்குவது பெரும்பாலும் வேண்டாம். பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஓவர்லோடிங் இல்லாத அவதிக்கு தசம எண்களைத் துல்லியமாகக் கணக்கிடும் ஜாவாவின் பிக்டெசிமல் ஒன்றே போதும். பெருக்க மல்டிப்ளை, கூட்ட ஆட் என்று மெத்தடுகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஐந்தாறு உறுப்புள்ள சூத்திரத்தில் ஓர் அடைப்புக்குறி இடம் மாறினாலும் கண்ணில் படாது. இத்தனைக்கும் சரங்களை ஒட்ட மட்டும் ஜாவா தனக்கென்று + குறியை வைத்துக்கொண்டது!

"+ போட்டால் கோப்பு அழியும்படி யாராவது எழுதிவிடுவார்கள்" என்பார்கள். ஆட் என்று பெயர் வைத்தும் அதையே எழுதலாமே. உண்மையான தொல்லை முன்னுரிமையில், அதாவது எந்தக் குறி முதலில் சேரும் என்பதில், இருக்கிறது. சி++-ல் ^ குறியை அடுக்கு (power) காண ஓவர்லோட் செய்தால், அ ^ 2 + ஆ என்பது அ ^ (2 + ஆ) என்றே பிரியும். குறியின் வேலையை மாற்றலாம், முன்னுரிமையை மாற்ற வழியில்லை. && குறியை ஓவர்லோட் செய்தாலோ இடப்பக்கம் பொய்யானாலும் வலப்பக்கமும் இயங்கிவிடும். பைத்தானின் எண் வரிசை நூலகமான நம்பையில் & குறி ஒப்பீட்டைவிட இறுக்கமானது. அதனால் அ > 0 & ஆ < 5 என்று எழுதினால் 0 & ஆ முதலில் சேர்ந்து, மிச்சம் தொடர் ஒப்பீடாகி, முழு எண் வரிசைகளில் வேல்யூஎரர் வரும். இரு ஒப்பீடுகளுக்கும் தனித்தனி அடைப்புக்குறி போடுங்கள்.

புதுக் குறி என்றால் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. ஹாஸ்கெல்லில் 0 முதல் 9 வரை முன்னுரிமை தரலாம். தர மறந்தால் 9, அதாவது பெருக்கலைவிட இறுக்கம். ஸ்காலாவில் குறியின் முதல் எழுத்தே முன்னுரிமையைத் தீர்மானிக்கும். ஸ்விஃப்டில் அதற்கெனத் தனிக் குழுவை அறிவிக்கலாம். ஹாஸ்கெல்லிலும் ஸ்விஃப்டிலும் படிப்பவர் அந்த நூலகத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு வரியைக்கூடப் பிரித்துப் படிக்க முடியாது.

எனக்குப் பிடித்தது ரஸ்ட்டின் வழி: ஆபரேட்டர் பட்டியல் நிலையானது, ட்ரெய்ட் (ஒரு டைப் என்னென்ன செய்யும் என்ற ஒப்பந்தம்) மூலம் ஓவர்லோட் செய்யலாம், && மற்றும் || குறிகளைத் தொட முடியாது. தேவை பொதுவானதென்றால் மொழியே ஒரு குறியைச் சேர்க்கலாம். அணிப் பெருக்கலுக்கு @ குறியைப் பைத்தான் 3.5 (2015) அப்படித்தான் சேர்த்தது.

ஓவர்லோட் செய்யும்போது: + புதிய மதிப்பைத் திருப்பித் தரட்டும்; இருக்கும் பொருளை மாற்றும் வேலை += குறிக்கு. பைத்தானில் == குறியை ஓவர்லோட் செய்தால் ஹாஷையும் (பொருளை செட்டில் தேட உதவும் எண்ணைத் தரும் மெத்தட்) எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொருளை செட்டில் போட்டதும் டைப்எரர்தான். மாறக்கூடிய பொருள் என்றால் மட்டும் ஹாஷ் எழுதாமல் விடுங்கள், அங்கே அந்த எரர் வருவதே நல்லது.