சாம்பல் நிறம் வந்தது, நீள முடி வரவில்லை: அங்கோரா முயல் கலப்பு பற்றி ஒரு பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். கூடவே எட்டுப் பெண்ணும் இரண்டு ஆணுமாக வெள்ளை ஜெர்மன் அங்கோரா முயல்களை வளர்க்கிறேன். நீளம் கூடட்டும் என்று நான்கு மாதத்திற்கு ஒருமுறைதான் ரோமம் வெட்டுகிறேன். ஆனாலும் ஒரு முயலுக்கு 150 கிராம்தான் தேறுகிறது, அதிலும் பாதி சிக்குப் பிடித்துவிடுகிறது. சோவியத் சின்சில்லா இனத்து ஆண் முயலைச் சேர்த்தால் ரோமமும் கூடும், சாம்பல் நிறமும் கிடைக்கும், நிற ரோமத்திற்கு இரட்டை விலை என்று ஒரு வியாபாரி சொன்னார். அவரிடமே ஓர் ஆண் முயலை வாங்கிச் சேர்த்தேன். இரண்டு தாய்களுக்குப் பதினொரு குட்டிகள் பிறந்து மூன்று மாதமாகிறது. எல்லாம் சாம்பல் நிறம். ஆனால் ஒன்றுக்குக்கூட நீள முடி இல்லை. உங்கள் தாய் முயல்கள் தூய இனம் இல்லை என்கிறார் வியாபாரி. தம்மிடமுள்ள நிற அங்கோரா ஜோடிகளை வாங்கினால் குட்டிகளைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். என் முயல்கள் கலப்படமா? இந்தக் குட்டிகளைக் கொண்டு நிற ரோமம் தரும் முயல்களை உருவாக்க முடியுமா?

பதில்: அன்புடையீர், உங்கள் தாய் முயல்களின் மீது எந்தக் குற்றமும் இல்லை. அங்கோராவின் நீள முடி ஓர் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் முடி நீளும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் குட்டி அதனை உள்ளே சுமந்துகொண்டு வெளியே குட்டை முடியுடன்தான் இருக்கும். ஆகவே நீள முடியுள்ள முயல் எதுவாயினும் அந்த ஒரு பண்பில் அது தூயதே. நீள முடியுடன் உங்கள் கூண்டில் நிற்கும் ஒரு தாயைப் பார்த்து அது தூயதில்லை, அதனால்தான் குட்டிகளுக்கு முடி வரவில்லை என்று சொல்வது, ஒன்று அறியாமை, அல்லது அடுத்த விற்பனைக்குப் போடும் அடித்தளம். குட்டிகள் அனைத்தும் சாம்பல் நிறத்தில் பிறந்திருப்பதால், வியாபாரி தந்த ஆண் முயல் நிறத்தில் தூய சின்சில்லா என்றே கொள்ளலாம். முயலில் அவர் ஏமாற்றவில்லை, வாக்குறுதியில்தான் ஏமாற்றியிருக்கிறார். இந்தக் கலப்பில் முதல் தலைமுறை முழுவதும் குட்டை முடியுடன் பிறக்கும் என்பது முயல் விற்பவர் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறேன்: முடியும். ஆனால் பலர் செய்வதுபோல இந்தக் குட்டிகளைத் தங்களுக்குள்ளேயே சேர்க்க வேண்டாம். அவ்வாறு சேர்த்தால் சராசரியாகப் பதினாறு குட்டிகளில் மூன்றுதான் சாம்பல் நிறமும் நீள முடியும் சேர்ந்ததாக அமையும்; ஒன்று நீள முடியுள்ள வெள்ளை; மீதிப் பன்னிரண்டும் குட்டை முடி. மாறாக, இப்போதுள்ள சாம்பல் பெண் குட்டிகளை, அவற்றோடு இரத்த உறவில்லாத ஒரு நல்ல வெள்ளை அங்கோரா ஆணுடன் சேர்த்தால், நான்கில் ஒரு குட்டி நீள முடியுள்ள சாம்பலாக வரும். எண்ணிக்கையில் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். உண்மையான இலாபம், அந்தக் குட்டியின் உடலில் முக்கால் பங்கு அங்கோரா இரத்தம் ஓடும் என்பதில் இருக்கிறது. அதனை மீண்டும் வெள்ளை அங்கோராவுடன் சேர்த்தால் குட்டிகள் எல்லாமே நீள முடியுடன் பிறக்கும். பாதி சாம்பல், பாதி வெள்ளை.

அந்த முக்கால் பங்கு ஏன் முக்கியம் என்றால், நீளத்தை ஒரு மரபணு தீர்மானித்துவிடுகிறது. எடையைத் தீர்மானிப்பது அது மட்டும் அன்று. ஒரு சதுர அங்குலத் தோலில் எத்தனை மயிர்க்கால்கள், வயிற்றிலும் கால்களிலும் ரோமம் எவ்வளவு படர்கிறது, மென்மையான அடிரோமத்திற்கும் விறைப்பான மேல்முடிக்கும் உள்ள விகிதம் என்ன என்பனவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்து சேர்த்த பண்புகள் அவை. அங்குள்ள சோதனை நிலையங்களில் ஒரு முயலின் ஆண்டு ரோமம் ஒரு கிலோவைத் தாண்டியதற்கு அவையே காரணம். இறைச்சிக்கும் தோலுக்குமாக வளர்க்கப்பட்ட சோவியத் சின்சில்லாவிடம் அவற்றில் ஒன்றும் இல்லை. அதனால் இக்கலப்பில் கிடைக்கும் நீளமுடிச் சாம்பல் முயல், பார்வைக்கு அங்கோராவாகவும் தராசில் அரை அங்கோராவாகவுமே நிற்கும். சின்சில்லாவைச் சேர்த்தால் ரோமம் கூடும் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. குறையும் என்பதே உறுதி.

நிறத்தைப் பற்றியும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. வெள்ளை அங்கோராவின் வெண்மை, நிறமே உருவாகாத வெளிறல் நிலை. அதன் உள்ளே கருப்போ, பழுப்போ, நீலச் சாம்பலோ மறைந்திருக்கும். வெளியிலிருந்து கண்டறிய வழியில்லை. இதுவரை சின்சில்லாவின் ஓங்கு பண்புகள் அவற்றை மூடி வைத்திருந்தன. அடுத்த தலைமுறையில் சில குட்டிகள் வரி வரியான சாம்பலுக்குப் பதிலாக ஒரே கருமையில் பிறந்தால் வேறு ஆண் புகுந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மேலும், முகத்திலும் காதிலும் நீங்கள் காணும் அடர்த்தியான நிறம் உடலின் நீள ரோமத்தில் இராது. முடி நீள நீள நிறம் வெளிறும். நூற்ற நூல் மென்சாம்பலாகவே கிடைக்கும்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை சாம்பல் குட்டிகள் அல்ல. "நான்கு மாதத்திற்கு ஒருமுறை" என்ற சொற்கள்தாம். சாதாரண முயலின் முடி ஏறத்தாழ ஐந்து வாரம் வளர்ந்து நின்றுவிடும். அங்கோராவின் முடி பதினான்கு வாரம் வரை வளரும். அதற்குப் பிறகு அதுவும் நின்றுவிடும். நின்ற முடி வேரிலிருந்து தளர்ந்து, உதிர்ந்து, தோலிலிருந்து விழாமல் பக்கத்து முடியோடு பின்னிக்கொள்ளும். நீங்கள் காணும் சிக்கு அதுதான். நான்காவது மாதத்தில் நீங்கள் நீளத்தை வளர்க்கவில்லை. மூன்றாவது மாதம் வரை முயல் தந்ததைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உதிர்ந்த முடியை முயல் நக்கி விழுங்குவதால் வயிற்றில் முடிப்பந்து அடைத்து இறக்கும் ஆபத்தும் உண்டு. எண்பத்தைந்து முதல் தொண்ணூறு நாளுக்குள் வெட்டிவிடுங்கள். வெட்டிய முயலுக்கு மேல்மலைக் குளிர், அதுவும் மார்கழிப் பனி, கடுமையானது. முதல் சில நாட்கள் வைக்கோல் நிரப்பிய பெட்டியும் கூடுதல் அடர்தீவனமும் கொடுக்க வேண்டும்.

வெட்டும் நாளைச் சரிசெய்த பின், தராசும் நோட்டும் வாங்குங்கள். கம்பளி முயல் வளர்க்கும் எவரிடமும் நான் முதலில் வற்புறுத்துவது இதைத்தான். உங்கள் கடிதத்தில் "ஒரு முயலுக்கு 150 கிராம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பத்து முயல்களின் ரோமத்தை ஒரு சாக்கில் கட்டி நிறுத்துப் பத்தால் வகுத்த கணக்கு என்றே நினைக்கிறேன். அந்தச் சராசரிக்குள் 220 கிராம் தரும் ஒரு தாயும் 90 கிராம் தரும் ஒரு தாயும் ஒளிந்திருக்கக்கூடும். எது எது என்று அறியாமல், எந்தத் தாயின் குட்டியை வைத்துக்கொள்வது என்று எவ்வாறு முடிவு செய்வீர்கள்? ரோம எடை ஓரளவு தாய் தந்தை வழியாக இறங்கும் பண்பு. ஆகையால் சொந்தக் கூண்டுக்குள் தேர்ந்தெடுப்பதன் மூலமே அது தலைமுறைக்குத் தலைமுறை ஏறும். வெளியிலிருந்து எந்த ஆணைக் கொண்டுவந்தாலும், நிறுத்துப் பார்க்காத பண்ணையில் அந்த ஆணின் நன்மை இரண்டு தலைமுறையில் கரைந்துபோகும்.

ஒவ்வொரு முயலுக்கும் காதில் பச்சை குத்தி எண் இடுங்கள். வெட்டும்போது ரோமத்தை அங்கேயே பிரித்துவிடுங்கள்: ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள தூய வெண்ரோமம் ஒன்று, குட்டையானது ஒன்று, சிக்கு விழுந்தது ஒன்று, அழுக்கும் சிறுநீர்க் கறையும் பட்டது ஒன்று. நான்கையும் தனித்தனியே நிறுத்து அந்த எண்ணுக்கு நேராக எழுதுங்கள். அந்தக் காலத்தில் சினையாக இருந்ததா, பாலூட்டியதா, கோடையா குளிர்காலமா என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். சினையும் பாலும் ரோமத்தைக் குறைக்கும், கோடையும் குறைக்கும். ஆணைவிடப் பெண் கூடுதலாகத் தரும் என்பதால் ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். இரண்டு மாத வயதில் எடுக்கும் முதல் வெட்டை வைத்து எந்தக் குட்டியையும் புகழவோ கழிக்கவோ கூடாது. எட்டு மாத வாக்கில் வரும் மூன்றாவது வெட்டுதான் அதன் வாழ்நாள் தரத்தைக் காட்டும். எடை எழுதும் நாளிலேயே, வெட்டுவதற்கு முன், தோள்பட்டைக்குப் பின்னால் ரோமத்தை வாயால் ஊதிப் பாருங்கள். ஊதிய இடத்தில் முடி சுழித்து விலகி, அடியில் ஒரு புள்ளி அளவு தோல் தெரிந்தால் அடர்த்தி நன்று. காசு அகலத்திற்கு இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தால் அந்த முயலின் ரோமம் நீளத்தில் மட்டும் இருக்கிறது. இதையும் எழுதுங்கள். ஓராண்டு முடிந்ததும் பட்டியலின் கீழ்ப்பாதித் தாய்களிடம் குட்டி எடுப்பதை நிறுத்திவிடுங்கள். இதற்குச் செலவு, ஒரு கிராம் வரை துல்லியம் காட்டும் சமையலறைத் தராசின் விலை மட்டுமே. இதைச் செய்யாமல் இனக்கலப்பில் இறங்குவது அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவதற்குச் சமம்.

தீவனத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரோமத்தின் புரதத்தில் கந்தகச் சத்துள்ள அமினோ அமிலங்கள் மிகுதி. கடலைப் பிண்ணாக்கில் அவை குறைவு. உங்கள் ஊரின் ஈரத்தில் கடலைப் பிண்ணாக்கு விரைவில் பூஞ்சையும் பிடிக்கும். அதில் ஒரு பகுதியைக் குறைத்து எள்ளுப் பிண்ணாக்கோ சூரியகாந்திப் பிண்ணாக்கோ சேர்த்தால் அத்தகைய அமிலங்களில் ஒன்றான மெத்தியோனின் கூடும். முட்டைக்கோஸ் இலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தினமும் ஒரு பிடி நீண்ட உலர்புல் கட்டாயம். வயிற்றில் சேரும் முடியை முன்னே தள்ளுவது அதுவே. முடி வளர்க்கும் டானிக் என்று குப்பிகளில் விற்கப்படுவதற்குக் கொடுக்கும் பணத்தை எள்ளுப் பிண்ணாக்குக்குக் கொடுங்கள்.

வியாபாரியின் இப்போதைய யோசனைக்கு வருவோம். நிற ரோமத்திற்கு இரட்டை விலை என்றவரிடம், அந்த விலைக்குச் சென்ற ஆண்டில் யார், எத்தனை கிலோ வாங்கினார் என்று கேளுங்கள். ஆலைக்கு வேண்டியது வெள்ளை, ஏனென்றால் எந்தச் சாயமும் அதில் ஏறும். வெள்ளை ரோமப் பொதியில் சாம்பல் முடி கலந்துவிட்டால் அந்தப் பொதியே தரம் இறங்கும். இயற்கை நிறத்தை விரும்புகிறவர்கள் கையால் நூற்பவர்களும் கைத்தறியில் சால்வை நெய்பவர்களும்தாம். அத்தகையோர் இமாச்சலப் பிரதேசத்தின் குலு பக்கம் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் முயல் ரோமத்திற்கென்று நிலையான சந்தை எதுவும் இல்லை. சீனப் பண்ணைகளில் முயல்களின் முடியை உயிரோடு பிடுங்கும் காட்சிகள் 2013-இல் வெளியானபின் பெரிய ஆடை நிறுவனங்கள் பல அங்கோராவையே கைவிட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பவரின் வருமானம் ரோமத்திலிருந்து வருவதில்லை. அடுத்த விவசாயிக்கு ஜோடி விற்பதிலிருந்து வருகிறது. வாங்குவோர் வரிசை முடிகின்ற நாளில் கடைசியாக வாங்கியவர் முயல்களோடு தனித்து நிற்பார். கொங்கு மண்டலத்தில் 2012-இல் ஈமு வளர்த்தவர்களுக்கு நேர்ந்தது இதுவே. அந்த ஜோடிகளை வாங்காதீர்கள்.

புதிய ஆண் தேவைப்பட்டால், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்திற்குக் குலு மாவட்டம் கர்சாவில் ஒரு நிலையம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் தென்மண்டல மையம் உங்கள் மலையிலேயே மன்னவனூரில் இருக்கிறது. முதலில் மன்னவனூருக்குச் சென்று கேளுங்கள். எங்கே வாங்கினாலும் அதன் தாயின் ரோமப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். மன்னவனூரில் பாரத் மெரினோ என்ற மென்கம்பளிச் செம்மறியாடுகளும் உள்ளன. வழுக்கும் தன்மையால் தனியே நூற்கக் கடினமான முயல் ரோமத்தை மெரினோவுடன் கலந்து நூற்பது பற்றி அவர்களிடம் பேசினால், உங்கள் வெள்ளை ரோமத்திற்கே ஒரு வழி பிறக்கலாம்.

பதினொரு குட்டிகளில் உடல் பெருத்து, அடிரோமம் நெருக்கமாக உள்ள பெண்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் நிறைந்தபின் புதிய வெள்ளை ஆணுடன் சேர்த்துவிடுங்கள். நீள முடியுள்ள குட்டி எது என்பது பிறந்து ஒரு மாதத்திற்குள்ளேயே தெரிந்துவிடும், ஆனால் அதன் தரத்தை அறிய இன்றிலிருந்து ஓராண்டு ஆகும். சாம்பல் முயலுக்குத் தனிக் கூண்டு வரிசை, தனிக் கத்தரி, தனிப் பை வைக்க வேண்டும். மீதி ஒன்பதையும் இறைச்சிக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கோராக் கலப்பு என்று சொல்லி வளர்ப்புக்கு விற்காதீர்கள், ஏனென்றால் அவற்றை வாங்குகிறவர் அடுத்த ஆண்டு உங்களைப் போலவே எனக்குக் கடிதம் எழுத நேரும்.