பால் இல்லாத சீஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது பன்றித்தலையில் செய்த ‘ஃப்ரொமாஜ் த தெத்’ என்று ஒன்றைத் துண்டு போட்டு வைத்தார்கள். சீஸ் என்கிறார்கள், பால் வாசமே இல்லை. வாயில் வைத்ததும் கரைந்தது. இதை வீட்டில் செய்ய முடியுமா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ‘ஃப்ரொமாஜ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அச்சு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அச்சில் ஊற்றி உறைய வைப்பதால் இதற்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. உங்கள் மகள் இருக்கும் அல்சாஸ் பக்கத்தில் இதையே ‘பிரெஸ்கோப்’ என்பார்கள்.

ஆட்டுக்கால் சூப் மீந்துபோய் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலையில் கிண்ணத்தைச் சாய்த்தாலும் சிந்தாமல் தளதளவென்று ஆடுமே, இதுவும் அதே சங்கதிதான். தோல், காது, மூக்கு, குருத்தெலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மணிக்கணக்காக வேகும்போது ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் இறங்குகிறது. ஆறினால் உறையும், 35 டிகிரி சூட்டில் உருகிவிடும். வாயில் கரைந்ததற்குக் காரணம் இதுதான். நம் ஊர் வெயிலில் மேசையிலேயே வைத்துவிட்டால் தட்டில் குழம்புதான் மிஞ்சும்.

தெரிந்த கறிக்கடையில் முந்தின நாளே சொல்லி, பாதித்தலை சுமார் 3 கிலோவும் கால் இரண்டும் வாங்குங்கள். மூளையையும் கண்ணையும் கழுத்துப் பக்கத்துச் சுரப்பிகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மயிர் மிச்சம் இருந்தால் தீயில் வாட்டிக் கத்தியால் சுரண்டி, ராத்திரி முழுக்கக் குளிர்ந்த உப்புத்தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் புதுத் தண்ணீர் மூழ்க ஊற்றிக் கொதி வந்ததும் மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்துவிட்டு வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை, மிளகு, நாலு கிராம்பு, கொஞ்சம் தைம் என்ற வாசனை இலை போட்டு அடுப்பைக் குறைத்துவிடுங்கள். அங்கே ஒயிட் ஒயினும் ஊற்றுவார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூணரை நாலு மணி நேரம், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மட்டும் வரும் சூட்டில் இருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்து சாறு வெள்ளையாகக் கலங்கிப் போகும், நானே முதல் தடவை அவசரப்பட்டு ஒரு பானைச் சாற்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

எலும்பிலிருந்து கறி தானாக விழும் பதம் வந்ததும் எடுத்து, கை பொறுக்கிற சூட்டில் பிய்த்துவிடுங்கள். முக்கியமாக நாக்கு. சூடாக இருக்கும்போது நுனியில் கீறி இழுத்தால் சொரசொரப்பான மேல்தோல் உறை மாதிரி முழுசாகக் கழன்று வரும், ஆறவிட்டால் அரைமணி நேரம் சுரண்டினாலும் வராது. கன்னக்கறியைப் பெரிதாகவும் காதையும் தோலையும் பொடியாகவும் நறுக்குங்கள், வெட்டும்போது தெரியும் அந்தப் பளிங்கு அழகே இதில்தான் இருக்கிறது. சாற்றை வடிகட்டி, கொழுப்பை எடுத்து, பாதியாக வற்ற வைத்து, இரண்டு ஸ்பூன் வினிகர், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி சேருங்கள். உப்பை வற்றிய பிறகுதான் பார்க்க வேண்டும், அதுவும் சூடாக ருசிக்கும்போது ஒரு சிட்டிகை கூடத் தெரிய வேண்டும். குளிர்ந்தால் உப்பும் காரமும் நாக்கில் மந்தமாகிவிடும். அப்புறம் கறியை ஒரு கிண்ணத்தில் நிரப்பிச் சாற்றை ஊற்றி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். கடுகுப் பேஸ்ட், வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரி, ரொட்டி இவற்றோடு சாப்பிடுவதுதான் அங்கத்து வழக்கம். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்துச் செய்தேன். உறையாமல் கொழகொழவென்று நிற்கிறது. ஜெலட்டின் பொடி போடலாமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: போட்டால் உறையும், ஆனால் ரப்பர் மாதிரி நிற்கும், எனக்குப் பிடிக்காது. உங்கள் சாறு வற்றவில்லை, அவ்வளவுதான். கறியை வடித்தெடுத்துவிட்டுச் சாற்றை மறுபடி அடுப்பில் வைத்துச் சுண்ட வையுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். விரலால் தொட்டால் குழியாமல் திரும்பி வந்தால் பதம் சரி. அடுத்த தடவை கால் இரண்டுக்கு மூன்றாகப் போடுங்கள். பச்சை அன்னாசியோ பப்பாளியோ மட்டும் சேர்க்கவே கூடாது, அதிலுள்ள நொதி ஜெலட்டினைச் சிதைத்துவிடும், எத்தனை நாள் வைத்தாலும் உறையாது.

கேள்வி: எங்கள் வீட்டில் பன்றி சாப்பிட மாட்டோம். ஆட்டுத்தலையில் வருமா? – ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: வரும். ஐஸ்லாந்தில் செம்மறித்தலையை நாம் வாட்டுவது போலவே மயிர் போகத் தீயில் வாட்டி, இரண்டாகப் பிளந்து மூளையை எடுத்துவிட்டு வேக வைப்பார்கள். அந்தக் கறியை அச்சில் அழுத்தி உறைய வைப்பதற்கு ‘ஸ்விதாசுல்தா’ என்று பேர், நடுக்குளிர்கால விருந்துகளில் கட்டாயம் இருக்கும். நீங்கள் இரண்டு தலைக்கு ஆறு கால் போட்டுச் செய்யுங்கள். ஒயினும் வேண்டாம், எலுமிச்சம்பழம் போதும். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும், அதனால் சாற்றை ஒருமுறை முழுக்கக் குளிரவிட்டு மேலே படியும் கொழுப்பைத் தகடாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, திரும்பச் சூடாக்கி அச்சில் ஊற்றுங்கள்.