ஷட்டரை மூடிவிட்டு ஹீட்டர் போடலாமா?

கேள்வி: வீட்டை ஒட்டிய கேரேஜில் மரவேலை செய்கிறேன். குளிர் தாங்காமல் சின்ன கேஸ் ஹீட்டர் ஒன்று வாங்கினேன். ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைந்துவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியானால் ஷட்டரை முழுக்க மூடிக்கொண்டு வேலை செய்யலாம்தானே? திறந்து வைத்தால் சூடெல்லாம் வெளியே போய்விடுகிறது.

பதில்: கூடாது. பெட்டியில் எழுதியிருப்பது பொய் இல்லை, ஆனால் அது சொல்வது பாதிதான். காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும், அது 18 சதவீதம் பக்கம் இறங்கினால் அந்த சென்சார் கேஸை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடு, அது இல்லாத ஹீட்டரை வாங்கவே வாங்காதீர்கள். ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. அதிலும் உங்களுடையது மரவேலை. பர்னருக்குக் காற்று போகும் துளையில் மரத்தூள் அடைத்துக்கொண்டால், அறையில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே கேஸ் அரைகுறையாக எரிந்து மோனாக்சைடு வர ஆரம்பிக்கும், சென்சார் பேசாமல் இருக்கும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடினாலோ முகப்பில் கரி படிந்தாலோ உடனே அணையுங்கள், ஆறியபின் சுத்தம் செய்துவிட்டுத்தான் மறுபடி பற்ற வைக்க வேண்டும்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கே இது நடந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஒரு மேசைப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தேன். நெற்றிப்பொட்டில் லேசான வலி. கோட்டில் வைத்த பென்சில் இரண்டு முறை விலகியது, சாப்பிடாததால் என்று நினைத்தேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரம் நின்றதும் வலி குறைந்தது, உள்ளே வந்து கால் மணி நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன், நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. எரிந்ததெல்லாம் என்னோடு அந்த அறைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. உள்ளே இருந்தால் தலைவலி, வெளியே வந்தால் சரி என்று ஆனால் வேறு காரணம் தேடாதீர்கள், அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

சரி, எவ்வளவு திறக்க வேண்டும்? ஒரு கிலோ கேஸ் எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள கேரேஜில் மொத்தமே 45 கன மீட்டர்தான், அதாவது ஒரு கிலோவுக்கே கால் பங்கு காற்றுக்கு மேல் போய்விடும். தரையை ஒட்டி ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் மேலே ஒரு திறப்பு, இப்படி இரண்டு இருந்தால்தான் காற்று ஓடும். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஹீட்டரின் திறனைப் பொறுத்தது, கையேட்டில் கணக்கு இருக்கும், அதைவிடக் குறைக்காதீர்கள். வீட்டுக்குள் போகும் கதவைத் திறந்து வைப்பது காற்றோட்டம் ஆகாது, அது வாயுவை வீட்டுக்குள் அனுப்பும் வழி.

சூடு போய்விடுகிறதே என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் அறையைச் சூடாக்கும் எண்ணத்தை விடச் சொல்கிறேன். கதிர்வீச்சாகச் சூடு தரும் ஹீட்டர் காற்றை நம்பி இல்லை, எதிரே நிற்கும் உங்களையும் மேசையையும் நேராகச் சூடாக்கும். கதவு திறந்திருந்தாலும் அது உறைக்கும். காலுக்குக் கீழே தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் பாதிக் குளிர் குறையும். வெளியே புகைபோக்கி வைத்த ஹீட்டரோ மின்சார ஹீட்டரோ போட வசதி இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறார்கள், சரியா?

பதில்: கேஸ் கசிவோடு குழப்பிக்கொள்கிறார்கள். மோனாக்சைடு காற்றைவிட ஒரு துளி லேசானது, காற்றோடு நன்றாகக் கலந்துவிடும். நீங்கள் மூச்சு விடும் உயரத்தில், ஹீட்டருக்கும் ஜன்னலுக்கும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேரேஜ் ஒட்டியிருந்தால் வீட்டுக்குள்ளும் ஒன்று வேண்டும். வீட்டு அலாரங்களுக்கான யூஎல் 2034 தரப்படி காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் அது 1 முதல் 4 மணி நேரத்துக்குள் ஒலிக்கும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். அதனால் அலாரம் அடிக்கவில்லையே என்று தலைவலியைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள்.

சிலிண்டர் கேஸ்தான் காற்றைவிட கனமானது, ஒன்றரை மடங்குக்கு மேல். கசிந்தால் தரையில் தேங்கும், வண்டி பழுது பார்க்கும் குழி இருந்தால் அதில் போய் நிற்கும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி எழுந்தால் கசிவு. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள்.

கேள்வி: பெயின்ட் அடிக்கும்போது ஹீட்டர் எரிந்தால் சீக்கிரம் காயுமே?

பதில்: தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து சுடரைத் தேடிப் போகும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான், மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூட அது தீப்பிடிக்கும். பெயின்ட், தின்னர், பெட்ரோல், பசை எதுவாக இருந்தாலும் திறப்பதற்கு முன்பே ஹீட்டரை அணையுங்கள், வாசம் முழுக்கப் போனபின் போடுங்கள். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை இன்னும் மோசம், அதன் ஆவி சூட்டில் பட்டால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகலாம்.

மண்ணெண்ணெய் ஹீட்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள், கொஞ்சம் கலந்தாலே சுடர் கட்டுக்கு மீறிப் போகும். ஆறியபின், வெளியே வைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: ஹீட்டர் போட ஆரம்பித்ததிலிருந்து உளி, ரம்பம் எல்லாம் துருப்பிடிக்கிறது. ஏன்?

பதில்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், அது குளிர்ந்த இரும்பில் போய்ப் படியும். திறப்புகளை அதிகமாக்குங்கள், கருவிகளுக்கு எண்ணெய் தடவி மூடி வையுங்கள்.

கேள்வி: பட்டறையில் நண்பருக்குத் தலைசுற்றலும் வாந்தியும். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 98 காட்டியதால் விட்டுவிட்டோம். சரிதானா?

பதில்: இல்லை. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் மோனாக்சைடு ஏறியதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும், அதனால் நஞ்சேறியவருக்கும் 98 காட்டும். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், மூடிய இடத்தில் ஹீட்டர் எரிந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும், முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். இனி இப்படி நடந்தால் முதலில் ஆளை வெளியே கொண்டுவாருங்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஹீட்டரை அணைக்க நீங்கள் மறுபடி உள்ளே போகாதீர்கள்.