பாவித்த டீசல் பிளக்-இன் ஹைபிரிட்: இரவில் கார் எங்கே நிற்கும்?

டீசலிலும் ஓடும், சுவரில் செருகி சார்ஜும் பண்ணலாம் என்ற வகை வேகன்களைப் பற்றி ஒரே நேரத்தில் பல கேள்விகள் வந்திருக்கின்றன. கொழும்பில் இவை அதிகம் இல்லை. கண்ணில் படுகிறவையும் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்தவை. அதனால் இம்முறை எல்லாப் பதில்களும் இதைப் பற்றியே.

கேள்வி (வெள்ளவத்தை): 2014ஆம் ஆண்டு வோல்வோ வி60 டீசல் பிளக்-இன் ஹைபிரிட் வேகன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பதிவான கார். ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. கிழமை நாட்களில் கோட்டைக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு யாழ்ப்பாணம். நம்பி வாங்கலாமா?

பதில்: நீங்கள் எழுதாத ஒரு விடயத்தை முதலில் கேட்கிறேன். இரவில் கார் எங்கே நிற்கும்? அந்த இடத்தில் உங்கள் மீற்றரிலிருந்து வரும் ஒரு பிளக் பொயின்ற் இருக்கிறதா? இருந்தால் உங்கள் ஓட்டத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், இது ஒரு காருக்குள் இரண்டு கார். முன்சக்கரங்களை 2.4 லீற்றர், ஐந்து சிலிண்டர், 215 குதிரைவலு டீசல் எஞ்சின் இழுக்கிறது. பின்சக்கரங்களை ஏறக்குறைய 50 கிலோவாட் மின்மோட்டார் தள்ளுகிறது. நடுவில் இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் கிடையாது. பின்பக்கம் டிக்கியின் தரைக்குக் கீழே 11.2 கிலோவாட்-மணி லித்தியம் பற்றரி. அதில் 8 அளவைத்தான் கார் பாவிக்கவிடும், மிச்சத்தைப் பற்றரியின் ஆயுளுக்காக ஒதுக்கி வைத்திருக்கும். புதிதில் மின்சாரத்தில் மட்டும் 50 கிலோமீற்றர் ஓடும் என்று கம்பனி சொன்னது. அது ஐரோப்பியப் பரிசோதனைக் கூடத்துக் கணக்கு. காலி வீதி நெரிசலில், ஏசி போட்டுக்கொண்டு, இத்தனை வருடப் பழைய பற்றரியோடு 25 முதல் 30 கிலோமீற்றர் கிடைத்தால் நல்ல கார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வர 18 கிலோமீற்றருக்கு மேல் வராது. அதாவது தினமும் இரவில் சார்ஜ் பண்ணினால், கிழமை நாட்களில் டீசல் எஞ்சினுக்குப் பெரிதாக வேலையே இருக்காது.

சார்ஜ் பண்ணாவிட்டால் டீசல் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பிரச்சினை அதோடு நிற்பதில்லை. இந்த எஞ்சினின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். அது நன்றாகச் சூடேறினால்தான் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் பண்ணும். அதற்கு நிற்காமல் இருபது, முப்பது நிமிட ஓட்டம் வேண்டும். பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று நின்று போகும் காரில் அந்தச் சூடு வரவே வராது. கரி சேர்ந்துகொண்டே போகும். எஞ்சின் சுத்தம் பண்ணத் தொடங்கி, நீங்கள் பாதியில் காரை நிறுத்தினால், அதற்கென்று கூடுதலாகப் பீச்சிய டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கிவிடும். ஆகவே இந்தக் காரில் பிளக் என்பது டீசல் மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. நகரத்து வேலையை மோட்டாரிடம் கொடுத்து, டீசலை அதற்குப் பொருத்தமில்லாத வேலையிலிருந்து காப்பாற்றுவதும் அதுதான்.

மறுபக்கமும் உண்டு. மாதக்கணக்கில் எஞ்சினைத் தொடாமல் வைத்திருப்பதும் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை கட்டுநாயக்க அதிவேக வீதியிலோ தெற்கு அதிவேக வீதியிலோ ஏறி, டீசலில் ஒரே சீராக ஓடிவிட்டு வாருங்கள். யாழ்ப்பாணப் பயணம் இந்தக் காருக்கு ஒரு வைத்தியம். பின்னிரவில் வெளிக்கிட்டால் புத்தளம், அனுராதபுரம் தாண்டி ஏ9இல் ஏறும் வரைக்கும் எஞ்சின் தனக்குப் பிடித்த சூட்டில் ஓடும். டாங்க் 45 லீற்றர்தான். ஆனாலும் 400 கிலோமீற்றர் போய்ச் சேர அது தாராளம். பற்றரியில் உள்ளதை நகரத்துக்கென்று சேமித்துவைக்க ஒரு பட்டன் இருக்கிறது. நீண்ட வீதியில் அதை அழுத்திவிட்டு, யாழ் நகருக்குள் போனபிறகு மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கை இப்படிப் போடுங்கள். உங்கள் வேலைநாள் ஓட்டம் மாதம் 400 கிலோமீற்றர் அளவில் வரும். சார்ஜ் ஆகும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் சுமார் 120 யூனிட். அதே ஓட்டத்தை இந்த இரண்டு தொன் கார் நகரத்தில் டீசலில் ஓடினால் 40 லீற்றர் வேண்டும். ஆக மூன்று யூனிட் ஒரு லீற்றருக்குச் சமம். யூனிட் விலை டீசல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரை மின்சாரம் இலாபம். விலைகள் மாறும்போது இந்த ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாலே போதும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு இடம் இருக்கிறது. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. வீட்டில் ஏற்கெனவே 150 யூனிட் போகிறது என்றால், காரின் 120 யூனிட்டில் பெரும்பகுதி 180க்கு மேற்பட்ட, அதிக விலையான படியில் போய் விழும். டீசலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்த விலையை. போன மாத பில்லில் உள்ள சராசரி விலையை எடுத்தால் கணக்குப் பிழைக்கும். நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறினால் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை யூனிட் மலிவு. கார் 10 அம்பியரில் நாலரை மணித்தியாலத்தில் நிரம்பும், எனவே அந்த நேரத்துக்குள் அடங்கும். ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை வீட்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை. பிள்ளைகளின் அறையில் அந்நேரம் ஏசி ஓடும் வீடென்றால், மாறமுதல் ஒரு வாரம் மீற்றரைக் குறித்துப் பாருங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): தொடர்மாடியில் நான்காம் மாடி. கார் நிற்பது கீழே. நிர்வாகக் குழு பொதுப் பிளக்கில் சார்ஜ் பண்ண விடாது. மேலிருந்து வயர் இறக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து. எக்ஸ்டென்ஷன் வயரில் நாலைந்து மணித்தியாலம் 10 அம்பியர் போனால் சூடேறும். சுருட்டி வைத்த வயர் என்றால் உருகவே தொடங்கும். குழுவோடு சண்டை பிடிக்காமல் எழுத்தில் கேளுங்கள்: உங்கள் வீட்டு மீற்றரிலிருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், பூட்டக்கூடிய 16 அம்பியர் நீலப் பொயின்ற். செலவு உங்களுடையது, பில் உங்கள் வீட்டுக்கு வரும், பொதுக் கணக்கில் ஒரு சதமும் ஏறாது. பெரும்பாலான குழுக்கள் மறுப்பது யார் காசு கட்டுவது என்ற சந்தேகத்தில்தான். வேலையை அனுமதிப்பத்திரம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜ் பண்ண மாட்டேன் என்பதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள், குழுவின் பாதிக் கவலை அதுதான்.

பழைய கட்டடம் என்றால் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கேபிளோடு வரும் சார்ஜர் பெட்டி எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை விடும். எர்த் சரியில்லாவிட்டால் சிவப்பு லைற்றைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காரின் சார்ஜர் போய்விட்டது என்று கராஜுக்கு ஓடாதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் ஈ300டீஈ. டிபிஎஃப் லைற் அடிக்கடி எரிகிறது. கராஜில் ஃபில்டரை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றலாம் என்கிறார்கள்.

பதில்: வெட்டவேண்டாம். அந்தக் கரியை உங்கள் தெருவில் உள்ள பிள்ளைகள்தான் மூச்சில் இழுப்பார்கள். காரை விற்கும்போதும் அது பெரிய குறையாக நிற்கும். லைற் ஏன் எரிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. எத்தனை நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் பண்ணுகிறீர்கள்? இந்தக் காரில் 13.5 கிலோவாட்-மணி பற்றரி இருக்கிறது. அதை வெறுமையாக வைத்துக்கொண்டு ஆமர் வீதியிலும் புறக்கோட்டையிலும் டீசலில் ஊர்ந்தால் எந்த ஃபில்டரும் அடைக்கும். பெற்றோல் செட்டில் சாதாரண டீசலை அடிக்காமல் சுப்பர் டீசலையே அடியுங்கள். சாதாரண டீசலில் கந்தகம் அதிகம், இந்தப் புகைக்குழாய்ச் சாதனங்களுக்கு அது ஆகாது. இரண்டையும் சரிசெய்து, நீண்ட ஓட்டமும் கொடுத்த பிறகும் லைற் வந்தால், கணினியைச் செருகிக் கரி அளவையும் அழுத்த சென்சரையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் பிழை சென்சரில் இருக்கும்.

இந்த மொடலுக்கு அட்புளூவும் ஊற்றவேண்டும். புகையைச் சுத்தம் பண்ணுவதற்கென்று தயாரித்த யூரியாக் கரைசல் அது. யூரியா உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரத்தில் உள்ள அழுக்கும் குழாய்த் தண்ணீரின் உப்பும் முழுத் தொகுதியையும் நாசமாக்கிவிடும்.

கேள்வி (தெஹிவளை): வி60 டீசல் பிளக்-இன் ஒன்றை வாங்கமுதல் என்னென்ன பார்க்கவேண்டும்? விற்பவர் "பற்றரி நூறு வீதம்" என்கிறார்.

பதில்: வாய்ப்பேச்சை விடுங்கள். முதல்நாள் மாலை பற்றரியை வெறுமையாக்கி, இரவு முழுக்க அவர் வீட்டிலேயே சார்ஜில் போடச் சொல்லுங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள், அதற்குமுன் ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஏசியைப் போட்டு, மின்சாரத்தில் மட்டும், வழக்கமான நெரிசலில் ஓட்டுங்கள். எஞ்சின் தானாக எழும்பும்வரை எத்தனை கிலோமீற்றர் என்று குறியுங்கள். 20க்குக் கீழே நின்றால் விலையைப் பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள். ஒரு இரவு முழுக்கச் சார்ஜ் பண்ணிக் காட்ட மறுக்கிறவரிடமும் வாங்கவேண்டாம்.

பிறகு டிக்கித் தரையைத் தூக்குங்கள். இதைக் கட்டாயம் செய்யவேண்டும். 2016 மே வெள்ளத்தில் களனி ஆறு பெருகி கொலன்னாவைப் பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அதற்குப் பிறகும் வெள்ளங்கள் வந்தன. இந்தக் காரின் விலை கூடிய பாகங்கள் எல்லாம் பின்பக்கம் கீழேதான் இருக்கின்றன. கம்பளத்தின் அடியில் விரலை விட்டுத் தடவினால் காய்ந்த சேறு மாவாக வரும். சீற்பெல்ற்றைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். ஆணிகளின் தலையில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே பொலிஷ் பண்ணுகிறவர்கள் இந்த மூன்றையும் மறந்துவிடுவார்கள்.

வோல்வோவின் ஐந்து சிலிண்டர் டீசலில் டைமிங் பெல்ற் இருக்கிறது. பத்து வருடம் தாண்டிய காரில் அது மாற்றப்பட்டதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்து விலையில் கழியுங்கள். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். கேபிளும் சார்ஜர் பெட்டியும் காரோடு வருகிறதா என்று கேளுங்கள், தனியாக வாங்கப் போனால் கை சுடும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிசெய்துகொண்டு முற்பணம் கொடுங்கள். காப்புறுதிக் கம்பனியிடம் உயர் மின்னழுத்தப் பற்றரிக்கும் பாதுகாப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

டிக்கியின் அளவையும் நேரில் பாருங்கள். பற்றரிக்காகத் தரையை உயர்த்தியிருக்கிறார்கள், சாதாரண வி60இல் 430 லீற்றர், இதில் 305தான். ஊரிலிருந்து திரும்பும்போது மாம்பழப் பெட்டியும் பனங்கிழங்குக் கட்டும் ஏற்றுகிற குடும்பத்துக்கு இது சின்ன விடயம் இல்லை.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டதே, இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் சொல்லி மலிவாக ஒரு பழைய வி60 எடுப்பிக்கலாமா?

பதில்: முடியாது. முதல் தலைமுறை வி60 டீசல் பிளக்-இன் 2018உடன் நின்றுவிட்டது. அவ்வளவு பழைய காரை நம் இறக்குமதி விதி விடாது. வோல்வோ 2024இன் தொடக்கத்தோடு டீசல் கார் தயாரிப்பதையே முற்றாக விட்டுவிட்டது. ஆகவே இங்கே ஏற்கெனவே பதிவானவற்றில் ஒன்றைத்தான் தேடவேண்டும். பாகங்களைத் தேடும்போதும் இதை நினைவில் வைத்திருங்கள்.

கேள்வி (வத்தளை): என் பிரியஸைப் பார்க்கிற கராஜ்காரர் நல்ல கைகாரர். டீசல் பிளக்-இன் வி60ஐயும் அவரிடமே விடலாமா?

பதில்: பிரேக், சஸ்பென்ஷன், ஒயில், ஃபில்டர் என்றால் தாராளமாக விடலாம். அவற்றின் பாகங்கள் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், இல்லாதது வெளியிலிருந்து வரும், சில கிழமை பொறுக்கவேண்டும். பற்றரியும் பின்மோட்டாரும் வேறு கதை. கொழும்பில் ஹைபிரிட் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பது நமக்குப் பெரிய பலம்தான். ஆனால் அவர்களில் பலர் கைபழகியது பழைய பிரியஸின் நிக்கல் பற்றரியில், கெட்டுப்போன செல்லைக் கழற்றி வேறொன்றைப் போடும் வேலையில். லித்தியம் பொதியில் அப்படிக் கலந்து போட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர் போகும் எந்த இடத்தையும் தொடமுதல் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உயர் மின்னழுத்தத்தை எங்கே துண்டிப்பீர்கள், துண்டித்தபிறகு மின் இல்லை என்பதை எதைக்கொண்டு அளப்பீர்கள், இன்சுலேற்றட் கையுறை எங்கே? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் காரை விட்டுவிட்டு வாருங்கள். தடுமாறினால் அந்த வேலையை மட்டும் முகவரிடம் கொண்டுபோங்கள், காசு கூடப் போனாலும் பரவாயில்லை.